எரிந்த மலையின் வளைவுகளில் பைக்கும் கேமராவும்

காட்டுத்தீ ஓய்ந்து சாலை மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, பழகிய மலைப்பாதையில் பைக்கை ஓட்டிச் செல்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, சாலை முழுவதும் தெரிகிறது என்பதைத்தான். முன்பு மரங்களுக்குள் ஒளிந்திருந்த கொண்டை ஊசி வளைவுகள் அடிவாரம் வரை ஒரே பார்வையில் விரிந்து கிடக்கின்றன; மூன்று வளைவுகளுக்கு அப்பால் ஏறி வரும் லாரியைக்கூட இங்கிருந்தே பார்த்துவிடலாம். படம் எடுப்பவனுக்கு இப்படி ஒரு காட்சி எளிதில் வாய்க்காது. ஆனால் ஓட்டுபவனை ஏமாற்றுவதும் இதே காட்சிதான் என்பது இத்தகைய சாலைகளில் சுற்றியதில் எனக்கு ஏற்பட்ட உறுதியான கருத்து. இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் செய்யும்போது, கேமராவுக்கு நல்லதெல்லாம் பைக்குக்கும் நல்லதென்று மனம் எளிதாக நம்பிவிடுகிறது.

அடர்ந்த காட்டுச் சாலையில் வளைவின் தன்மையைக் கணிப்பதற்கு, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சாலையின் இரண்டு ஓரங்களும் ஒன்றுசேர்ந்து மறையும் புள்ளியைக் கவனிப்பார்கள். நாம் நெருங்க நெருங்க அந்தப் புள்ளி விலகிப் போனால் வளைவு விரிகிறது. அது நின்ற இடத்திலேயே நின்று நம்மை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைத்தாக வேண்டும். மரங்கள் மறைத்ததால் அந்தப் புள்ளி அருகிலேயே இருந்தது, வேகமும் தானாகவே கட்டுக்குள் இருந்தது. மரங்கள் எரிந்து போனதும் அது எதிர்ச் சரிவுக்கே போய்விடுகிறது. கண் அதன் பின்னால் போகிறது, கை தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரைத் திருகுகிறது. அவ்வளவு தொலைவில் தெரிவது சாலையின் வடிவம் மட்டுமே. தாரின் மேல் என்ன கிடக்கிறது என்பது முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான் விளங்கும். ஆகவே எதிரே வண்டி வருகிறதா என்பதை வைத்து வேகத்தை முடிவு செய்யாமல், கையளவுக் கல் ஒன்று தரையில் கிடந்தால் அதை எவ்வளவு தூரத்தில் அடையாளம் காண முடியுமோ அந்தத் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தையே நான் வைத்துக்கொள்கிறேன். மரங்கள் தடுத்துவந்த காற்றும் இப்போது முகடுகளில் நேராக வண்டியின் பக்கவாட்டில் அடிக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் எந்த வளைவில் அவற்றை எதிர்பார்க்கலாம் என்பதும் புரிந்துவிடும். செங்குத்தான சரிவுகளில் மண்ணும் சரளையும் புதர்களின் அடித்தண்டுகளுக்குப் பின்னால் பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கும். அந்தத் தண்டுகள் எரிந்துவிட்டால் தாங்குவதற்கு எதுவும் இல்லை. ஒரு துளி மழைகூட இல்லாத நாளில், சிறு காற்றுக்கும் அவை உருண்டு சாலைக்கு வந்துவிடுகின்றன. சாலைப் பணியாளர்கள் காலையில் கூட்டித் தள்ளிய இடத்தில் மாலையில் மீண்டும் கூம்பு வடிவில் ஒரு கற்குவியல் சேர்ந்திருப்பது சாதாரணம். சரிவை வெட்டிச் சாலை போட்ட பக்கமும், வளைவு மலைக்குள் மடங்கும் இடமும்தான் இதற்கு முதல் இலக்கு. தீயின் வெப்பத்தில் பாறைகளின் மேற்பரப்பும் தகடு தகடாக உரிந்து விழும். விழுந்து கிடக்கும் கல்லையும் சற்றுப் படித்துப் பார்க்கலாம்: மேற்பக்கம் முழுவதும் புகை படிந்து, கிடக்கும் தரையோடு ஒரே கருமையாக இருந்தால் அது தீக்கு முன்பே அங்கே இருந்தது, ஒரு பக்கம் கருத்தும் மற்றொரு பக்கம் வெளிறியும் இருந்து, வெளிறிய பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் அது தீக்குப் பிறகு உருண்டு வந்தது. சாலையோரம் பின்னது அதிகமாக இருந்தால், கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவுக்குக் கீழே நான் நிற்பதே இல்லை.

சாலையின் துணை உறுப்புகளும் எரிந்திருக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளத்தின் ஓரத்தில் இருக்கும் இரும்புத் தடுப்பு பார்வைக்கு முழுதாக இருக்கும். அதைத் தாங்கிய மரக்கம்பங்கள் கரிந்து போய், தகடு மட்டும் இரு முனைகளுக்கிடையே தொங்கிக்கொண்டிருக்கும். நான் அருகில் சென்று பார்த்த ஒரு தடுப்பில், போல்ட்டுகள் தகட்டிலேயே மாட்டியபடி இருக்க, அவை பற்றியிருந்த கம்பத்தின் இடத்தில் தரையில் சதுரமாக ஒரு சாம்பல் குழி மட்டும் இருந்தது. சாலைக்கு அடியில் போகும் குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை என்றால் அவையும் உருகியிருக்கலாம். மேலே தார் அப்படியே இருக்க, அடியில் வெற்றிடம் இருக்கும். அறிவிப்புப் பலகைகளின் ஒளிதிருப்பும் பூச்சு கொப்பளித்து உரிந்துவிட்டால், பகலில் படிக்க முடிந்த வளைவு எச்சரிக்கை இரவில் ஹெட்லைட்டுக்குப் பதில் சொல்லாது. எரிந்த மலையில் இருட்டிய பிறகு ஓட்டுவதை நான் முற்றிலும் தவிர்ப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மழை என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. செடிகொடிகளில் இருக்கும் மெழுகுத்தன்மையுள்ள பொருள்கள் தீயில் ஆவியாகி, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கி அங்கே குளிர்ந்து படிகின்றன. அதனால் மண் தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளுகிறது. பெய்த மழையெல்லாம் சாம்பலையும் சேற்றையும் கரிக்கட்டைகளையும் பாறைகளையும் அள்ளிக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் 2020 ஆகஸ்டில் தொடங்கிய டோலன் தீக்குப் பிறகு, 2021 ஜனவரி 28 அன்று ராட் க்ரீக் என்ற ஓடையில் இப்படி வந்த சேறு சாலைக்கு அடியிலிருந்த நீர்வழியை அடைத்துவிட்டது. வழி கிடைக்காத வெள்ளம் சாலைக்கு மேலேறி, நெடுஞ்சாலை 1-இல் ஏறக்குறைய 150 அடி நீளத்தை அரித்துக் கடலில் தள்ளியது. ஏப்ரல் பிற்பகுதியில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. அதே மாநிலத்தில் தாமஸ் தீக்கு அடுத்து, 2018 ஜனவரி 9 விடியலுக்கு முன் மாண்டெசிட்டோ ஊருக்குள் இறங்கிய சேற்று வெள்ளத்தில் 23 பேர் மாண்டனர். தீ பரவத் தொடங்கி அப்போது ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. இத்தகைய வெள்ளத்துக்கு நாள் முழுதும் பெய்யும் மழை தேவையில்லை, கால் மணி நேரம் கொட்டினாலே போதும், அதுவும் நாம் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. மலையுச்சியில் கருமேகம் திரண்டால் நான் திரும்பிவிடுகிறேன், வெளிச்சம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி. முதல் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். அதன் பிறகு செத்த மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் மக்கத் தொடங்க, சரிவின் பிடிப்பு தளர்ந்து நிலச்சரிவுக்கான காலம் வருகிறது. மேலே புல் பச்சையாகி மலை தேறிவிட்டதாகத் தோன்றும் ஆண்டுகளும் அவைதாம்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் முகப்பவுடர் போல நுண்மையாக இருந்தாலும் அதில் கூர்மையான துகள்கள் கலந்திருக்கின்றன. ஹெல்மெட் கண்ணாடியைக் கையுறையால் துடைத்தால் ஒரே இழுப்பில் கீறல் விழும். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் துணி படலாம். செயினில் எண்ணெய்ப் பசை மேல் சாம்பல் ஒட்டினால் அது அரைக்கும் கலவையாகிவிடுவதால், இந்தப் பயணங்களுக்கு முன் செயினில் மசகு குறைவாகவே இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். ஏர் ஃபில்டரை முன்கூட்டியே மாற்றுவது நல்லது. ஈரமான சாம்பல் காரத்தன்மை கொண்டது என்பதால், அலுமினியப் பாகங்களில் அது படிந்தபடி வண்டியை நாள்கணக்கில் நிறுத்தி வைக்கக் கூடாது. சாலை வேலை நடக்கும் இடங்களில் முன்னால் போகும் லாரி கிளப்பும் தூசி மூச்சுக்குள் போகாமலிருக்க, ஹெல்மெட்டுக்குள் என்95 முகக்கவசம் அணிந்துகொள்கிறேன். மூச்சு முட்டுவது உண்மைதான், இருமுவதற்கு அது பரவாயில்லை.

கேமராவோடு சாலையை விட்டு இறங்குவதுதான் முழுப் பயணத்திலும் மிக ஆபத்தான பகுதி என்று நான் கருதுகிறேன். முதலில் வண்டியை நிறுத்த இடம் வேண்டும். எரிந்த ஓரத்து மண்ணில் சைடு ஸ்டாண்ட் மெல்ல இறங்கிக்கொண்டே போய், நாம் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வண்டி சாயும். தட்டையான உலோகத் தகடு ஒன்றை எப்போதும் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கிறேன். அடுத்தது காலடி. அடிமரம் எரிந்த பிறகும் வேர்கள் மண்ணுக்குள் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வேர் இருந்த இடத்தில் வெறும் சுரங்கம் மிஞ்சியிருக்க, மேலே மெல்லிய சாம்பல் மூடி மட்டும் இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும், உள்ளே நெருப்பும் இருக்கலாம். கேமராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலால் முன்னே குத்திப் பார்த்துவிட்டு அடி வைப்பது என் வழக்கம். நின்றபடி செத்த மரங்கள் காற்றே இல்லாத வேளையிலும் முன்னறிவிப்பு இன்றிச் சாயும் என்பதால், என்னுடைய படங்களில் பெரும்பாலானவை தார்ச்சாலையின் ஓரத்திலிருந்து எடுக்கப்பட்டவையே. காட்டுக்குள் புகுந்து எடுத்த படங்கள் மேலானவை என்ற எண்ணம் சில புகைப்பட நண்பர்களுக்கு உண்டு. எரிந்த காட்டைப் பொறுத்தவரை நான் அதை ஏற்பதில்லை.

இனி கேமராவின் பக்கம். எரிந்த மரங்களைப் படம் எடுக்கும்போது முதலில் தோற்பது கேமராவின் ஒளிமானிதான். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்வதால், சட்டகத்தை நிரப்பும் கரிய அடிமரங்களையும் வெளுக்க வைத்து, படத்தைப் புழுதி படிந்த ஒன்றாக ஆக்கிவிடும். ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது பாதி ஒளியாக, எக்ஸ்போஷரைக் குறைத்துத் தொடங்கி, படத்தின் கருமை வெண்மைப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துச் சரிசெய்வது பொதுவாகப் போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஆன்சல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சர் என்ற புகைப்படக் கலைஞர்கள் 1940-ஐ ஒட்டி வகுத்த, கருமை முதல் வெண்மை வரை மண்டலங்களாகப் பிரிக்கும் மண்டல முறை இங்கே அப்படியே பொருந்துகிறது: நுணுக்கம் தெரிய வேண்டிய மிகக் கருமையான பட்டையை மட்டும், சிறு புள்ளியளவு இடத்தின் ஒளியை அளக்கும் ஸ்பாட் மீட்டரால் அளந்து, அந்த அளவைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்தால், அது மூன்றாம் மண்டலத்தில் விழுந்து, கருமை கருமையாகவே இருக்க, வெடிப்புகளும் தெரியும். ஆனால் எரிந்த மலையில் கருமை மட்டும் இல்லை. கடும் வெப்பத்தில் முழுவதும் எரிந்த கட்டைகள் வெள்ளைச் சாம்பலாகத் தரையில் அவற்றின் வடிவத்திலேயே படுத்திருக்கும், அவற்றுக்கு மேலே மறைப்பில்லாத வானம். நண்பகலில் இந்த வேறுபாட்டை எந்த சென்சாராலும் முழுதாகத் தாங்க முடியாது. சென்சாரின் பதிவை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்து, வெள்ளைச் சாம்பல் நுணுக்கமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடாமல் காப்பாற்றுவதே முதல் வேலை.

கரிக்குப் பளபளப்பு உண்டு என்பதைப் படம் எடுக்கத் தொடங்கும்வரை பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். பட்டை எரியும்போது கட்டம் கட்டமாக வெடிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் முகமும் வானத்தைத் திருப்பி வீசுகிறது. தெளிந்த நாளில் அடிமரத்தின் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளிப்பூச்சு பூசியதாகத் தெரியும். லென்ஸின் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை மெல்லத் திருப்பினால் அந்த வெள்ளி குறைந்து அடியில் இருக்கும் உண்மையான கருமை வெளிவருவதைக் கண்ணாலேயே காணலாம். நான் முழுவதும் அழித்துவிடுவதில்லை. வெடிப்புகளின் விளிம்பில் மட்டும் மிஞ்சும் அளவுக்கு விட்டுவைக்கிறேன். மேகமூட்டமான நாளும், தூறல் நின்று பட்டை ஈரமாக இருக்கும் நேரமும்தான் இந்த மரங்களுக்கு மிகவும் ஏற்றவை. தூறலில் வளைவுச் சாலையில் சாம்பல் சேறு வழுக்கும் என்பதால், கேமராவுக்கு நல்ல நேரமும் பைக்குக்குக் கெட்ட நேரமும் மீண்டும் ஒன்றாகவே வருகின்றன. சூரியன் தாழ்ந்திருக்கும் காலை மாலை வேளைகளும் அப்படித்தான்: படத்துக்குச் சரிவின் ஒவ்வொரு மடிப்பும் கிடைக்கும், ஓட்டுபவனுக்கு ஹெல்மெட் கண்ணாடியில் படிந்த சாம்பல் முழுவதும் ஒளிர்ந்து சாலையே மறைந்துபோகும். இதற்கு நான் கண்ட வழி, வானம் வெளுத்ததும் புறப்பட்டு, தாழ்ந்த வெயில் விழும் முன்பே இடத்துக்குப் போய்விட்டு, அந்த வெளிச்சம் முடியும்வரை அங்கேயே இருந்து, சூரியன் உயர்ந்த பிறகு கிளம்புவது. அதனால் மாலைப் படங்கள் எனக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

வளைவுகளைக் காட்ட 200 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸே எனக்குப் பிடிக்கும். எதிர்ச் சரிவிலிருந்து எடுத்தால், தொலைவு சுருங்கி, அடுக்கடுக்கான சாலை வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரும். இடையிடையே நிற்கும் கரிந்த மரங்கள் செங்குத்துக் கோடுகளாகச் சாலையை வெட்டும். லென்ஸை எரிந்த இடத்தில் கழற்றி மாற்றக் கூடாது, சாம்பல் சென்சாருக்குப் போய்விடும். அதனால் கிளம்பும்போதே ஒரு லென்ஸைத் தீர்மானித்துக்கொள்கிறேன். ஹாண்டில்பாரில் செல்பேசியை மாட்டிப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: சக்தி மிகுந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐஃபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

அருகில் வேறெங்காவது தீ இன்னும் எரிந்துகொண்டிருந்தால் புகை மூட்டம் நிறத்தோடு விளையாடும். புகைத் துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்துவிட, நமக்கு வந்து சேர்வது செம்மஞ்சள் ஒளி. 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ முழுவதும் பகலிலேயே ஆரஞ்சு நிறத்தில் இருந்தபோது, பலருடைய செல்பேசிகள் அதைத் தவறென்று கருதித் தாமாகவே திருத்தி, சாதாரண மேகமூட்டமாகப் பதிவுசெய்தன. இத்தகைய இடங்களில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பைப் பகல் வெளிச்சத்துக்கென்று கையாலேயே நிறுத்திவிட வேண்டும். அதோடு அப்படிப்பட்ட வானம் தெரிந்தால் அந்தப் பக்கம் போகாமல் திரும்புவதே முறை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எரிந்த மலை முழுவதும் ஒரே மாதிரி மீள்வதில்லை என்பதை மீண்டும் மீண்டும் போனால்தான் உணர முடியும். ஆஸ்திரேலியாவின் பல யூகலிப்டஸ் வகைகள் எரிந்த அடிமரத்தின் பட்டைக்கு அடியிலிருந்தே தளிர் விடுவதால், சில மாதங்களில் கரிய தண்டு முழுவதும் பச்சை முளைத்துவிடும். ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த, மிக உயரமாக வளரும் மவுண்டன் ஆஷ் மரம் கடும் தீயில் செத்தே போகும். உச்சியில் காத்திருந்த விதைகள் சாம்பலில் விழுந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அந்தக் கன்றுகள் விதை தரும் அளவுக்கு வளர 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால், அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் அந்தக் காடே இல்லாமல் போய்விடும். வட அமெரிக்காவின் லாட்ஜ்போல் பைன் மரத்துக்குப் பிசினால் மூடிய கூம்புகள் உண்டு. தீயின் வெப்பத்தில்தான் அவை திறந்து விதையை உதிர்க்கின்றன. தீயைத் தேடி வரும் வண்டுகளும் இருக்கின்றன. மெலனோஃபிலா என்ற வகை, உடலில் உள்ள அகச்சிவப்பு உணர்வுக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்து, இன்னும் புகைந்துகொண்டிருக்கும் மரத்துக்கே வந்து முட்டையிடுகிறது. மரம் துளைக்கும் வண்டுகள் குடியேறிய கரிந்த அடிமரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால், கருமையின் மேல் ஊசித்துளை ஒன்றும், அதற்குக் கீழே பட்டையின் வெடிப்பில் சிறு குவியலாகத் தேங்கிய வெளிர்நிற மரத்தூளும் தெரியும். மேக்ரோ லென்ஸோடு போன ஒரு நாளில் அந்தத் தூளை மட்டுமே படம் எடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மலைக்காட்சி ஒன்றுகூட எடுக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. வீடுகள் எரிந்த வளைவில் நான் வண்டியை நிறுத்துவதில்லை. புகைபோக்கி மட்டும் மிஞ்சிய வீட்டின் முன் ஹெல்மெட்டோடு நின்று படம் எடுக்கும் அந்நியனை அந்த வீட்டுக்காரர் பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே போதும். சாலையை மூடியிருக்கும் தடுப்பைச் சுற்றிக்கொண்டு பைக்கில் நுழைந்துவிடலாம் என்பது இரு சக்கரக்காரர்களுக்கு வரும் ஆசை; அங்கே மரம் வெட்டுபவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள், எதிரே வண்டி வரும் என்று அவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். ட்ரோனைப் பொறுத்தவரை என் கருத்து இன்னும் கடுமையானது. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானம் ஒன்றின் இறக்கையில் தனியார் ட்ரோன் மோதி ஓட்டை போட்டது, விமானம் தரையிறங்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் தீப் பகுதிக்கு ட்ரோனோடு போகிறவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

படங்களைச் சேமிக்கும்போது ஒவ்வொன்றின் பெயரிலும் தீ பிடித்த மாதத்தையும் படம் எடுத்த மாதத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். தேதி இல்லாவிட்டால் எரிந்த காட்டின் படத்துக்குப் பாதி மதிப்புதான். லாஸ் ஏஞ்சலஸுக்கு மேலே, பைக் ஓட்டுபவர்களிடையே பெயர்பெற்ற ஏஞ்சலஸ் க்ரெஸ்ட் நெடுஞ்சாலை செல்லும் மலைகளில் 2009-இல் ஸ்டேஷன் தீ 1,60,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 2020-இல் பாப்கேட் தீ அதே மலைத்தொடரில் 1,15,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அங்கே எடுத்த கரிய சரிவின் படம் எந்தத் தீயைச் சேர்ந்தது, அதில் தெரியும் பச்சை முதல் ஆண்டின் பச்சையா பத்தாம் ஆண்டின் பச்சையா என்பதைத் தேதியில்லாமல் எடுத்தவராலேயே சொல்ல முடியாது. நின்ற இடத்தின் கிலோமீட்டர் கல்லையும் லென்ஸின் குவியத் தூரத்தையும் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு அதே சட்டகத்தை மீண்டும் எடுக்கலாம். கிலோமீட்டர் கல் எரிந்தோ விழுந்தோ போயிருந்தால், அசையாத பெரும்பாறை ஒன்றைச் சட்டகத்தின் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.